மேல் கட்டையின் அம்புக்குறி

பள்ளிக்கூடத்தில் அவருக்கு உராய்வு டீச்சர் என்று பெயர். முப்பத்தோரு வருடம் இயற்பியல் நடத்தியதில் மிஞ்சியது அந்தப் பட்டப்பெயரும் முழங்கால் வலியும்தான். வழுக்கும் தரையில் ஒரு கட்டை, அதன் மேல் இன்னொரு கட்டை. கீழ்க்கட்டையை வலப்பக்கம் இழுத்தால் இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன. மேல் கட்டையின் மீது உராய்வு எந்தப் பக்கம்? வருடா வருடம் முக்கால்வாசி வகுப்பு "இடப்பக்கம்" என்று கத்தும். உராய்வு என்றால் எதிர்த்து நிற்பது என்று எங்கேயோ நெட்டுருப் போட்டுவிட்டு வந்திருப்பார்கள். "மேல இருக்கறத யாருமே தொடல. அப்புறம் அது எப்படிப் போச்சு? உராய்வு எதிரி இல்லடா, கூட்டிட்டுப் போற கை" என்று டீச்சரும் வருடா வருடம் தொண்டை வறளக் கத்துவார்.

இந்த வருடப் பொதுத்தேர்வில் அதே கணக்கு வந்தது. விடைக்குறிப்பு எழுத வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? அவர் தலையில்தான் விடிந்தது. அந்த வாரம்தான் அவர் கணவர் பக்கவாதத்தோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. மாத்திரை நேரத்துக்கும் கஞ்சி நேரத்துக்கும் நடுவே, அடுப்பை ஒரு கண் பார்த்துக்கொண்டே டீச்சர் குறிப்பை எழுதி அனுப்பினார். சரிபார்க்க வேண்டியவர் டீச்சர் பெயரை மட்டும் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

பிறகு விடைத்தாள் திருத்தும் முகாம். ஒரு நீளக் கூடம், நாற்பது ஆசிரியர்கள், ஆளுக்கொரு சிவப்புப் பேனா. டீச்சரும் ஒரு நாற்காலியில். இருபதாவது தாளுக்கு மேல் யாரும் யோசித்துத் திருத்துவதில்லை. குறிப்பில் இருக்கிற அம்பும் தாளில் இருக்கிற அம்பும் ஒத்துப்போகிறதா என்று கண் பார்க்கும், கை போடும். ஒத்துப்போனால் இரண்டு மதிப்பெண், இல்லாவிட்டால் முட்டை. மூன்று நாள் அப்படிப் போனது.

நான்காம் நாள் காலை, கிளம்புவதற்கு முன் கணவரைக் கட்டிலில் நகர்த்த வேண்டியிருந்தது. ஆளைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோல் பிய்ந்துவிடும், அடியில் இருக்கிற விரிப்பைப் பிடித்து இழுங்கள் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வரும் நாத்தனார் தலைமாட்டில் விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டார், டீச்சர் கால்மாட்டில்.

"மெதுவா இழு. நேத்து வெடுக்குனு இழுத்தியே, துணி மட்டும் உன் கூட வந்துச்சு, நான் அங்கேயே கெடந்தேன்" என்றார் கணவர். வாய் கோணினாலும் நக்கல் கோணவில்லை.

இருவரும் ஒரே பக்கமாக மெதுவாக இழுத்தார்கள். விரிப்போடு சேர்ந்து அவரும் வந்தார்.

டீச்சர் கை அப்படியே நின்றுவிட்டது. இவரை யாரும் தொடவில்லை. துணி போன பக்கம்தான் இவரும் வந்தார். நான் குறிப்பில் அம்பை எந்தப் பக்கம் போட்டேன்? கைப்பையைத் திறந்து நகலை எடுத்தார். மேல் கட்டையில், அவருடைய அழகான கையெழுத்தில், இடப்பக்கம் பார்த்து ஒரு அம்பு இருந்தது.

"என்னாச்சு?"

"தப்புப் பண்ணிட்டேங்க. மூணு நாளா அத்தனை தாள்லயும்."

"பழி யார் மேல வரும்?"

"என் மேலதான்."

"அப்ப சுலபம். வேற யாரையும் கேக்க வேணாம்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சுலபம்தான், படுத்திருக்கிறவருக்கு. பஸ்ஸில் நின்றபடி டீச்சர் கணக்குப் போட்டார். ஏறக்குறைய ஐயாயிரம் தாள். ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம். முகாம் தலைவர் 'முடியாது' என்று சொல்லிவிட்டால் தேவலை, சொல்லியாயிற்று என்று பேசாமல் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்றுகூட ஆசைப்பட்டார். அவ்வளவு அசதி.

முகாம் தலைவரும் ஏமாற்றவில்லை. "ரெண்டு மார்க்தானே டீச்சர்? நாளைக்குத் தாள் கட்டெல்லாம் ஏத்தி அனுப்பணும். ஆனைக்கும் அடி சறுக்கும். போற நேரத்துல எதுக்கு இந்த வம்பு?"

சரி என்று திரும்பியிருக்கலாம். கால் வரவில்லை. "தெரியாம எழுதினவங்களுக்கு ரெண்டு போயிருந்தா நானும் விட்டுடுவேன் சார். புரிஞ்சு எழுதினவங்களத் தேடித் தேடி அடிச்சிருக்கோம்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்களே சொல்லிடுங்க. என்னால அவங்ககிட்ட அடி வாங்க முடியாது."

டீச்சர் கூடத்தின் நடுவே போய் நின்று சொன்னார். குறிப்பு தப்பு, எழுதினது நான், எல்லாத் தாள் கட்டுகளையும் பிரிக்கணும், வலப்பக்கம் அம்பு போட்டவங்களுக்கு ரெண்டு குடுக்கணும், மத்தவங்களுக்குக் குடுத்ததை எடுக்க வேணாம். நாற்பது பேனாக்கள் மேசையில் விழுந்தன. "உராய்வு டீச்சரே வழுக்கிட்டாங்களாம்" என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. டீச்சருக்குக் காது எரிந்தது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் கட்டுகளைப் பிரித்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல், தானே முதல் நாள் திருத்திய கட்டுக்குள்ளிருந்து ஒரு தாள் வந்தது. சொந்தப் பள்ளித் தாளை யாருக்கும் தர மாட்டார்கள், ஆகவே எழுதியது அவர் வகுப்புப் பிள்ளை இல்லை. வலப்பக்கம் அம்பு போட்டு, கீழே குண்டு குண்டாக ஒரு வரி: 'உராய்வு எதிரி அல்ல, கூட்டிக்கொண்டு போகும் கை.' அவரிடம் படித்த யாரோ எந்த ஊரிலோ டீச்சராகி, தொண்டை வறளக் கத்தியிருக்க வேண்டும். அந்த வரியின் பக்கத்தில், அவர் கையாலேயே, சிவப்பில் ஒரு முட்டை.

டீச்சர் முட்டையை அடித்து இரண்டு என்று போட்டார். மதிப்பெண்ணை மாற்றினால் ஓரத்தில் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் எல்லோரும் 'குறிப்பில் திருத்தம்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவர் 'மாணவர் சரி, நான் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த தாளை எடுத்தார்.