ஒரே ஓட்டை, இரண்டு வயர்

"…அது வந்து சாமி, நேத்து ஏழு மணிக்கு நம்ம சேனல்ல உன்ற போட்டோ…" என்று மாமா இழுத்தார். மிச்சத்தைச் சொல்ல நான் விடவில்லை.

"பாத்தனுங்க மாமா. பச்சப் பாவாட போட்ட போட்டோ. ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றேன்.

எனக்குப் பதினோரு வயது முடிந்து அன்றோடு ஒரு நாள். மாமா என் அம்மாவின் அண்ணன்; என்னைச் செல்லமாகச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊருக்கும் சுற்றியிருந்த நாலு ஊருக்கும் கேபிள் டிவி அவருடையதுதான். அதில் சொந்தமாக ஒரு சேனலும் வைத்திருந்தார். மாரியம்மன் பண்டிகை, காதுகுத்து, காணாமல்போன எருமை, கரண்ட் நிறுத்தும் நேரம் எல்லாம் அதில் வரும். என் பிறந்தநாளுக்கு ஏழு மணியானால் என் போட்டோ வரும். கீழே அப்பா அம்மா பெயர் ஓடும். தன் பெயரைப் போட்டுக்கொள்ள மாட்டார். "சேனலே நம்முளுது, அதுல பேரு வேறயா" என்பார்.

அவர் வாயில் எப்போதும் ஒரு பேச்சு இருக்கும். "படம் நின்னுச்சுன்னா அஞ்சு நிமிசத்துல அம்பது பேரு போனப் போட்டு வைவாங்க. நம்மள வையறதுக்கு ஆளிருக்கற வரைக்கும் பொழப்புக்குக் கொறையில்லீங்க." வசவு வாங்குவதைப் பெருமையாகச் சொன்ன மனிதரை அவரைத் தவிர நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் ஆட்கள் கேபிள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் தறிப்பட்டறைக்காரர் வீடு, அப்புறம் வாத்தியார் வீடு. புதிதாக வந்த இன்டர்நெட்டில் நினைத்த நேரத்துக்கு நினைத்த படத்தைப் பார்க்கலாம் என்கிறபோது, ஏழு மணிக்காக யார் காத்திருப்பார்கள்? பெட்டியை மாமாவின் மேசைமேல் வைத்துவிட்டு, "பசங்க படிக்குதுங்க" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்வார்கள். மாமா கோபித்துக்கொண்டதில்லை. "கழட்டிக்குங்க, பரவால்லீங்க. ஆனா என்ற தங்கச்சி ஊட்டுல இன்னும் நம்ம வயருதான். போற வழில பாத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவார்.

அந்தத் தங்கச்சி வீட்டில் அவர் வயர் நாலு மாதமாக ஓடவில்லை. அதற்குக் காரணம் நான்தான். சோற்றைத் தள்ளிவைத்து அழுது, அப்பாவை இன்டர்நெட் வாங்க வைத்திருந்தேன். பொருத்த வந்தவர் கூடத்துச் சுவரில் ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கிறது, இரண்டு வயர் நுழையாது என்றார். பெயின்ட் அடித்து ஒரு மாதம்கூட ஆகாத சுவர். அப்பா கொஞ்ச நேரம் ஓட்டையைப் பார்த்தார். பிறகு மாமாவின் வயரை உருவிப் போட்டுவிட்டுப் புதியதை விடச் சொன்னார். "மச்சாங்கிட்ட அப்பறம் பதமாச் சொல்லிக்கலாம்" என்றார். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு மனசு நோகும் விஷயம் என்றால் அந்த 'அப்பறம்' இலேசில் வராது.

உருவிய வயர் மொட்டை மாடியில் கிடந்தது. அம்மா அதை இழுத்து ஒரு கம்பத்தில் கட்டித் துணி காயப்போட்டாள். டிவிக்குக் கீழே மாமாவின் பெட்டி மட்டும் சிவப்பு விளக்கு எரியும்படி கரண்டில் மாட்டியே இருந்தது. அவர் வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் டிவியை அணைப்பது என் வேலை. "மாமா கேட்டா நல்லாத் தெரியுதுன்னு சொல்லோணும். பாவம், அவரு மனசு நோகக்கூடாது" என்று அம்மா பழக்கி வைத்திருந்தாள். நானும் அதில் தேறிவிட்டேன்; கேட்பதற்கு முன்பே சொல்லும் அளவுக்கு.

இப்போது டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் அறை எடுத்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். போன மாதம் என்னைப் பார்க்க வந்த அத்தை, மாமாவின் மனைவி, அவருடைய பழைய கதைகளைச் சொல்லிச் சிரித்தபோது இதையும் சொல்லிவிட்டாள்.

"உன்ற பொறந்தநாளு ஒன்னுக்கு ரிக் வண்டி வயரப் பிச்சுக்கிட்டுப் போயிருச்சே, தெரியாதா கண்ணு?"

போர்வெல் போடக் கிளம்பிய ரிக் வண்டி ஒன்று, ரோட்டுக்குக் குறுக்கே போன மெயின் வயரை உச்சிக்கம்பியில் மாட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மத்தியானத்திலிருந்து மறுநாள் காலை வரை ஐந்து ஊரிலும் ஒரு சேனலும் வரவில்லை. பொழுது சாயும் வரைக்கும் மாமா ஏணிமேல் நின்றாராம். நின்றபடியே சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாராம்.

"எத்தன பேருங்க அத்தை வஞ்சாங்க?" என்று கேட்டேன்.

"மூனு பேரு" என்றாள்.

மறுநாள் காலை மாமா எங்கள் வீட்டுக்கு மைசூர்பாக்கு டப்பாவோடு வந்தது, போட்டோ போட முடியவில்லை என்று என்னிடம் சொல்லத்தான். அதைத்தான் அவர் இழுத்துக்கொண்டிருந்தார். நான்தான் நடுவில் புகுந்து, நன்றாக இருந்தது என்றேன்.

அன்றைக்கு மாமா என்னைப் பார்த்தார். அப்புறம் டிவிக்குக் கீழே எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்தார். "அப்பிடிங்களா சாமி" என்றார். "நல்லா இருந்துச்சுன்னாச் செரி."

டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். "மாடில வயர ஒருக்காப் பாத்துட்டு வாரேன்."

"இந்த வெயில்ல எதுக்குங்கண்ணா, மோரு குடிச்சுட்டுப் போங்க" என்று அம்மா பதறி வருவதற்குள் பாதிப் படி ஏறிவிட்டார். நான் வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தேன். வயரில் அப்பாவின் வேட்டியும் அதே பச்சைப் பாவாடையும் காய்ந்துகொண்டிருந்தன. மாமா வயரின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் நான் கீழேயிருந்து குரல் கொடுத்தேன்.

"தெரியுதுங்க மாமா. இப்ப இன்னும் தெளிவாத் தெரியுதுங்க."

"செரி சாமி" என்றார்.

நம்பிவிட்டார், தப்பித்தோம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்து அம்மாவுக்குக் கண் ஜாடைகூடக் காட்டினேன்.

மாமா வேட்டியையும் பாவாடையையும் எடுத்து, மடித்து, கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார். வயரைக் கம்பத்திலிருந்து அவிழ்த்துத் தூசி போகத் துண்டால் ஒரு உருவு உருவினார். பிறகு அதைத் தெருப்பக்கச் சுவரோரமாகத் தொங்கவிட்டு, கீழே இறங்கி வந்து, ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படும்படி, எங்கள் ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டினார்.