ஜிப் அக்காவின் ஜன்னல்

என் மாமியாருக்குத் தெருவில் ஜிப் அக்கா என்று பெயர். பேண்ட் ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, நீளத்தைக் குறைப்பது, இதுதான் வருஷக்கணக்காக அவர் பிழைப்பு. கீழே தெருவைப் பார்த்த சின்ன அறையில், ஜன்னல் ஓரமாகத் தையல் மெஷின். துணி கொடுக்க வருகிறவர்கள் வாசலுக்கு வர மாட்டார்கள். ஜன்னல் கம்பியைத் தட்டி, "அக்கா" என்று கூப்பிட்டு, துணியை உள்ளே தள்ளுவார்கள். எங்கே கிழிந்தது, எப்படிக் கிழிந்தது என்று துருவித் துருவிக் கேட்டு, ஆளை ஒரு வழி பண்ணித்தான் அத்தை அனுப்புவார். தெருவில் இருக்கிற ஜிப்பையெல்லாம் மூடிக் கொடுத்தவரின் வாயை மூட யாராலும் முடிந்ததில்லை. கல்யாணமான புதிதில் நானும் முயன்று தோற்றவன்.

போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்து நடக்கிற அளவுக்குத் தேறினார். நடக்கலாம், படி மட்டும் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் இருப்பதோ ஒரே கக்கூஸ், அதுவும் மாடியில். காலையில் என் மனைவி வேலைக்குப் போகுமுன் ஒரு முறை, சாயங்காலம் வந்ததும் ஒரு முறை, அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அத்தையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறுவோம். நடுவில் பகல் முழுக்க வீட்டில் அவரும் நானும்தான். எனக்கு ரொட்டிக் கம்பெனியில் இரவு வேலை. பகலில் தூங்குகிறவன்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, கக்கூஸுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வதா? அதற்குப் பதில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். பாட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். "தாகமே இல்ல மாப்பிள்ளை" என்பார். உதடு வெடித்திருக்கும். கடைசியில் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து படுத்தபோது டாக்டர் என்னைத்தான் திட்டினார். நான் என்ன செய்வேன்? குடியுங்கள் என்று கெஞ்சலாம், வாயைத் திறந்து ஊற்றவா முடியும்?

ஒரு மத்தியானம் தூக்கத்தில் அவர் குரல் கேட்டது. "மாப்பிள்ளை... முழிச்சிருக்கீங்களா?"

அந்தக் குரலிலேயே அவசரம் புரிந்துவிட்டது. ஓடிப்போய் இரண்டு கையிலும் அப்படியே தூக்கினேன். அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"உங்க சட்டைக் காலர் பிரிஞ்சிருக்கு. கழட்டிக் குடுங்க, ஒரு தையல் போட்டுடறேன். இதே கலர்ல நூல்கூட..."

காலரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பாதிப் படியில் பேச்சு நின்றது. என் கை நனைந்தது. ஏறுவதா, இறங்குவதா என்று தெரியாமல் நானும் நின்றேன். எனக்கே செத்துப்போகலாம் போலிருந்தது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்! படியில் ஏன் ஈரம் என்று சாயங்காலம் என் மனைவி கேட்டபோது, "பாட்டில் தண்ணி கொட்டிடுச்சும்மா" என்றார். நான் ஆமாம் என்றேன்.

கீழே ஒரு கக்கூஸ் கட்டியே தீருவது என்று முடிவானது. பிளம்பர் வந்தார். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடத்தைக் காட்டினேன். குனிந்து நுழைந்தவர் குனிந்தபடியே வெளியே வந்தார்.

"என்னாலயே நிமிர முடியல சார். அம்மா வாக்கரோட எப்படி நிப்பாங்க?"

கூடத்து மூலையைக் காட்டினேன். டேப்பை இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மெயின் குழாய் தெருப் பக்கம் இருக்கு. இங்கேருந்து அவ்வளவு தூரம் வாட்டம் கிடைக்காது. போறது போகாது சார், திரும்பி வரும்."

பிறகு நாங்கள் யாரும் காட்டாத ஓர் அறைக்குள் தானாகவே போய் நின்றார். "இதுதான் இடம். மேல இருக்கிற பாத்ரூம் இதுக்கு நேர் மேல. குழாயும் இந்தச் சுவத்துலதான் இறங்குது."

அது தையல் அறை.

"வேற வழியே இல்லையாப்பா?" என்றார் அத்தை. பிளம்பர் இன்னொரு முறை டேப்பை இழுத்தார். பாவம், மரியாதைக்காக இழுத்தார்.

"மெஷின் கூடத்துல உன் கட்டில் பக்கத்துல இருக்கட்டுமே. மோட்டார் மெஷின்தானம்மா, எங்க இருந்தா என்ன?" என்றாள் என் மனைவி. அத்தை தலையாட்டினார். ஒன்றே ஒன்றில் மட்டும் பிடிவாதம் பிடித்தார். ஜன்னலை அடைத்துவிட்டு மேலே சின்னதாக வென்டிலேட்டர் வைக்கிறேன் என்று கொத்தனார் சொன்னபோது, "ஜன்னல் இருக்கட்டும், காத்து வேணும்" என்றார். காற்றுக்காக இல்லை என்பது எனக்குத் தெரியும். தட்டினால் கூடத்துக்குக் கேட்கும், மெல்ல நடந்து போய் வாங்கிக்கொள்ளலாம் என்று மனக்கணக்குப் போட்டிருந்தார். கண்ணாடியில் வெள்ளைத் தாளை ஒட்டி, ஜன்னலை அப்படியே விட்டுவிட்டோம். மூன்று பேர் வீட்டில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டும்.

வேலை முடிந்த அன்று அத்தை எங்கள் முன்னாலேயே மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தார். பிறகு வாக்கரைத் தள்ளிக்கொண்டு தானே போனார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. ஒரு நாள் நான் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு டிரைவர் பேண்டும் கையுமாக வந்து ஜன்னலைத் தட்டியிருக்கிறார். "ஜிப் அக்கா! உள்ளதான இருக்கீங்க? லைட் எரியுதே!"

அத்தை உள்ளேதான் இருந்தார். சட்டென்று எழ முடியாது, பதில் சொல்ல வாயும் வரவில்லை. டிரைவர் நல்ல மனிதர், அதுதான் வினை. "அக்கா விழுந்துட்டாங்க போல!" என்று தெருவையே கூட்டிவிட்டார். வாசல் கதவை இடிக்கிற சத்தத்தில் நான் எழுந்து ஓடிவந்து திறந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையோடு உள்ளே வந்தார். கக்கூஸ் கதவைத் தட்டி, "அத்தை, ஏதாவது பேசுங்க" என்று கத்தினேன். கடப்பாரை கதவிடுக்கில் இறங்கியபோதுதான் குரல் வந்தது.

"யாரும் உடைக்காதீங்க. நான் கக்கூஸ்லதான் இருக்கேன்."

தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேசிப் பழகியவர். அன்றும் கேட்டது. வெளியே யாரோ சிரித்தார்கள், யாரோ அடக்கினார்கள். டிரைவர் பேண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு அந்த ஜன்னலை ஒருவரும் தட்டவில்லை. வாசலுக்கு வந்து கொடுங்களேன் என்று நானே நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். "அக்கா ரெஸ்ட் எடுக்கட்டும்ணே" என்று நழுவினார்கள். டிரைவர் அதே பேண்டைத் தெருமுனைத் தையல்கடையில் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தேன். யாரைக் கோபித்துக்கொள்வது? அத்தை மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தெருவுக்குக் காது கொடுத்தபடி இருப்பார். செருப்புச் சத்தம் ஜன்னல் பக்கம் வரும், நிற்காமல் போகும். என் காலரை மட்டும் பிரித்துப் பிரித்துத் தைத்தார்.

நேற்றுக் காலை வேலை முடிந்து வந்து படுக்கப் போனேன். அத்தை கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, அந்தக் கொத்தனார வரச் சொல்லுங்க. ஜன்னல அடைச்சிடலாம்."

"ஏன் அத்தை?"

"காத்து ரொம்ப வருது" என்றார். பிறகு பாட்டிலை எடுத்து, மிச்சம் வைக்காமல் குடித்தார்.