இரண்டு வீட்டுப் பூனைக்கு ஒரே ஊசி

1. எறும்பு மொய்த்த இடம்

வசந்தா அந்தப் பூனையை ஒரு பிளாஸ்டிக் கூடையில் உட்கார வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்து, சணல் கயிற்றால் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். குடவாசலுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் மாறித் தஞ்சாவூர் வந்திருந்தார். வழி முழுக்கப் பூனை கத்தியதில் பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

நான் அரசு கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சர்வீஸ் முழுக்க மாடும் ஆடும்தான். கன்று போட முடியாமல் தவிக்கும் பசு, வயிறு உப்பிய ஆடு, கோமாரித் தடுப்பூசி முகாம் என்று ஓடியது. ஓய்வுக்குப் பிறகு வீட்டின் முன்னறையில் சின்னதாக ஒரு கிளினிக் போட்டேன். பூனைகளைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

வசந்தா பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். கணவர் தவறிவிட்டார். வீட்டில் அவரும் பூனையும் மட்டும். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

"தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்குங்க. நல்லா சாப்பிடுது, ஆனா எலும்பு தெரியுது. அது ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்குது டாக்டரம்மா. எங்க வீட்டுக்காரருக்கு சுகர் வந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு. பூனைக்கு சுகர் வருமா?"

வரும் என்றேன். பாதி நோயை அவரே கண்டுபிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

செவலை நிறத்துக் கடுவன். ஒரு காது நுனி கிழிந்திருந்தது. கீழே இறக்கி விட்டேன். பூனை விரல்களை ஊன்றித்தான் நடக்கும். இது பின்னங்கால் குதி முழுவதும் தரையில் பதிய, முயல் போல நடந்தது. சர்க்கரை நரம்பைப் பாதித்தால் பூனைக்கு அப்படி ஆகும். மீட்டரில் எண் எகிறியது. ஆனால் பயந்த பூனைக்கு அந்த நேரத்திலேயே சர்க்கரை ஏறிவிடும் என்பதால் அந்த ஒரு எண்ணை வைத்து நான் முடிவு செய்யவில்லை. சிறுநீரைப் பார்த்தேன், அதிலும் சர்க்கரை. நோய் முற்றினால் வரும் கீட்டோன் இல்லை, அது ஆறுதல். கடந்த சில வாரங்களின் சராசரி தெரிவதற்காக ரத்தத்தை லேபுக்கு அனுப்பினேன். அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வந்தது.

ஒரத்தநாட்டுப் பக்கம் இருக்கும் என் ஜூனியர் டாக்டர் ஒருவரிடம் போனில் கேட்டேன். சின்னப் பிராணிகளில் அவருக்கு நல்ல அனுபவம். இன்சுலின் டோஸைச் சொல்லிவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார். "மேடம், நாய்க்கு வந்தா பெரும்பாலும் ஆயுசு முழுக்க ஊசிதான். பூனைக்கு அப்படியில்ல. சீக்கிரம் ஆரம்பிச்சு, சாப்பாட்டையும் மாத்தினா, சிலதுக்கு ஊசியே நிறுத்திடலாம்."

இதை வசந்தாவிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. அதுவரை கூடையை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்ற யோசனையில்தான் நின்றிருந்தார் என்று நினைக்கிறேன்.

மடித்த துண்டில் ஊசி குத்திப் பழக்கினேன். பிறகு பூனையின் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, அடியில் ஊசியைச் செலுத்தக் கற்றுக்கொண்டார். இன்சுலின் சிரிஞ்சில் நாற்பது யூனிட், நூறு யூனிட் என்று இரண்டு வகை உண்டு, மாற்றி வாங்கினால் கோட்டுக் கணக்கே தப்பிவிடும் என்று எச்சரித்து, மூடியின் நிறத்தை மனப்பாடம் செய்ய வைத்தேன். சோறும் பாலும் கூடாது. மீன், கோழி, முட்டை. சாப்பிட்ட பிறகு காலையில் ஒரு யூனிட், மாலையில் ஒரு யூனிட்.

2. சுவருக்கு அந்தப் பக்கம்

வாரங்கள் போயின. சர்க்கரை இறங்கவில்லை.

ஊசி போடும் விதத்தை மறுபடி செய்து காட்டச் சொன்னேன், சரியாகத்தான் செய்தார். மருந்தை ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தார். டோஸைக் கொஞ்சம் கூட்டலாமா என்று யோசித்தேன். அதற்கு முன்னால் வேறு எங்காவது சாப்பிடுகிறதா என்று கேட்டேன். வசந்தா பூனையின் முதுகைத் தடவினார்.

"அந்தப் பக்கம் போகும்" என்றார்.

அந்தப் பக்கம் என்பது அவருடைய ஓரகத்தி, கணவரின் தம்பி மனைவி கலைச்செல்வியின் வீடு. ஒரே வீடுதான் அது. பாகம் பிரித்தபோது நடுவில் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டார்கள். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. சண்டை எதனால் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பூனைக்கு மட்டும் சுவர் ஒரு பொருட்டாக இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே கிளம்பிப் போனேன். கலைச்செல்வியின் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். இவர் வீட்டு முன்பக்கம் மாவு மில் நடத்துகிறார். நான் போனபோது தலையெல்லாம் மாவு படிந்திருக்க மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். பூனை அரிசி மூட்டை மேல் படுத்திருந்தது. இந்தப் பக்கம் அதற்குத் துரை என்று பெயர். வசந்தா வீட்டில் அது செவலை.

விஷயத்தைச் சொன்னதும் கலைச்செல்வி மோட்டாரை நிறுத்தினார்.

"எனக்கு யாருங்க சொன்னா? இளைச்சுக்கிட்டே போகுதேன்னு பால்சோறு ரெண்டு கரண்டி கூடவே வச்சேன். மில்லுக்கு வர்றவங்களும் பிஸ்கட் போடுவாங்க. நானே சாகடிச்சிருப்பேன் போலருக்கே."

சாகடிக்கவில்லை, இன்றோடு நிறுத்தினால் போதும் என்றேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்த ஊசியைத் தனக்கும் காட்டிக் கொடுக்கும்படி கேட்டார். வசந்தா வெளியூர் போகும் நாட்களில் உதவும் என்று எனக்கும் பட்டது. அங்கேயே பழக்கிவிட்டேன். வசந்தாவைவிடச் சீக்கிரம் கை பழகியது. மருந்தையும் ஆளுக்கொரு பாட்டிலாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரே பாட்டிலை இரண்டு வீட்டிலும் வைத்துக்கொள்ள அவர்களுக்குள் வழி இல்லை.

வழக்கமாக வசந்தா போடுவார். அவர் ஊரில் இல்லாவிட்டால் என்னிடம் சொல்வார், நான் கலைச்செல்வியிடம் சொல்வேன். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்குத் தஞ்சாவூர் வழியாகச் செய்தி போனது. எனக்கே சிரிப்பு வரும். ஆனால் சர்க்கரை இறங்கத் தொடங்கியது. பூனையின் முடியில் பளபளப்பு வந்தது.

3. திருக்கடையூர் போன நாள்

வசந்தாவின் அக்கா கணவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். விடிவதற்குள் வேன் வந்துவிடும், காலை ஊசியைக் கலைச்செல்வி போடட்டும் என்று முந்தின நாள் போனில் சொன்னார். நானும் கலைச்செல்விக்குச் சொல்லிவிட்டேன்.

வேன் தாமதமாக வந்தது. காத்திருந்த நேரத்தில் பூனை வந்து வசந்தாவின் காலைச் சுற்றியது. கைக்கு வேலையில்லாமல்தானே நிற்கிறோம் என்று அவர் மீனை வைத்தார், ஊசியும் போட்டார். அதற்குள் ஹார்ன் அடித்தது. அவசரத்தில் ஏறிவிட்டார். என்னிடம் சொல்ல மறந்துவிட்டது. பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றவே இல்லை என்று பிறகு சொன்னார்.

கலைச்செல்வி மில்லைத் திறந்ததும் பூனை அங்கே போனது. அவரும் கோழி வைத்தார். பூனை முகர்ந்து பார்த்துக் கொஞ்சம் தின்றது. அவரும் ஊசி போட்டார்.

நான் கிளினிக்கில் ஒரு நாயின் காதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது போன் வந்தது. துரை நடக்க முடியாமல் விழுகிறது, தலை ஆடுகிறது, கூப்பிட்டால் பார்க்கவில்லை என்றார் கலைச்செல்வி.

கேட்டவுடன் புரிந்தது. சர்க்கரை அடியோடு விழுந்துவிட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நாட்டுச் சர்க்கரையை வெந்நீரில் கெட்டியாகக் கரைக்கச் சொன்னேன்.

"விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க. வாயில ஊத்திடாதீங்க, புரையேறிடும். தடவிக்கிட்டே இருங்க."

அவர் தடவினார். எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. உள்ளே போனது ஒரு ஊசியா, இரண்டா? ஒன்று என்றால் கொஞ்ச நேரத்தில் தேறிவிடும். இரண்டு என்றால் வீட்டிலேயே வைத்திருந்து பலனில்லை, டிரிப் ஏற்ற வேண்டும். வசந்தாவைக் கேளுங்கள் என்றேன்.

"நீங்களே கேட்டுச் சொல்லுங்களேன் டாக்டரம்மா" என்றார்.

நான் லைனை விட்டால் அடுத்து என்ன செய்வது என்று அவருக்கு யார் சொல்வது? மில்லுக்கு ஒரு போன் தனியாக வைத்திருந்தார். அதில் வசந்தாவைக் கூப்பிடச் சொன்னேன். நம்பர் இருக்கிறதா என்று கேட்டதற்கு, இருக்கிறது, அழிக்கவில்லை என்றார். மணி போவது எனக்கும் கேட்டது.

"அக்கா, நான் கலை பேசறேன்."

எதிர்முனையில் என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை.

"செவலைக்குக் காலையில ஊசி போட்டீங்களா?"

வசந்தா வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் கேட்டார். அதை நான் அப்போது கவனிக்கவில்லை, பிறகுதான் ஞாபகம் வந்தது.

"நானும் போட்டுட்டேங்க்கா."

உடனே கிளம்பி வாருங்கள் என்று கத்தினேன். மில்லுக்கு அரிசி கொண்டுவந்த ஒருவரின் லோடு ஆட்டோவில் கலைச்செல்வி பூனையை மடியில் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் ஈறில் சர்க்கரை தடவிக்கொண்டே வந்து சேர்ந்தார். மீட்டரில் எண்ணே வரவில்லை, 'லோ' என்று மட்டும் காட்டியது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. மாட்டுக் கழுத்தில் ஊசி போட்டே பழகிய கை எனக்கு. அந்த முன்னங்கால் ரத்தக்குழாய் நூல் கனம்தான் இருந்தது. முதல் தடவை கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை ரத்தம் எட்டிப் பார்த்தது. டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை நீரை மெதுவாக ஏற்றினேன்.

இழுப்பு நின்றது. ஆனால் கண் திறக்கவில்லை. கலைச்செல்வி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாவு படிந்த கன்னத்தில் கண்ணீர் இறங்கிய தடம் தனியாகத் தெரிந்தது.

மதியத்துக்கு மேல் வசந்தா வந்தார், பட்டுப்புடவையோடு. மயிலாடுதுறையிலேயே வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, பஸ் பிடித்து வந்திருக்கிறார். அக்கா வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். என்னென்னமோ சொன்னார்கள் என்று மட்டும் சொன்னார்.

இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். யார் மேல் தப்பு என்று தொடங்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். யாரும் தொடங்கவில்லை.

"காலையில சாப்ட்டியா?" என்று வசந்தா கேட்டார்.

"இல்லக்கா."

வழிச்சாப்பாட்டுக்குக் கட்டி எடுத்துப்போன இட்லி பையில் இருந்தது. அதைப் பிரித்து இருவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் வைத்தார். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் பூனை தலையைத் தூக்கியது. மொளகாப்பொடி எண்ணெய் வாசனைக்கோ என்னவோ, மூக்கைச் சுளித்தது. கலைச்செல்வி சிரித்துவிட்டார், வாயில் இட்லியோடு.

4. போட்டாச்சு

இரண்டு நாள் கிளினிக்கிலேயே வைத்திருந்து, மறுபடி ஊசி தொடங்கலாம் என்று தெரிந்த பிறகுதான் அனுப்பினேன். அனுப்பும்போது இருவரையும் ஒன்றாக நிற்க வைத்துச் சொன்னேன். இனி நான் செய்தி சுமக்க மாட்டேன். யார் போட்டாலும் போட்ட கையோடு சுவருக்கு மேலே 'போட்டாச்சு' என்று குரல் கொடுக்க வேண்டும். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடக்கூடாது. ஒரு வேளை விட்டுப்போனால் ஒன்றும் ஆகிவிடாது, இரண்டு முறை போட்டால்தான் ஆபத்து.

வீட்டிலேயே சர்க்கரை பார்க்கவும் கற்றுக்கொடுத்தேன். காது ஓரத்தை வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, விளிம்பில் லேசாகக் குத்தினால் ஒரு சொட்டு வரும். அது போதும். ஆனால் ஒருவர் பூனையைப் பிடித்துக்கொண்டால்தான் இன்னொருவர் குத்த முடியும். ஆகவே குத்தும் நாளில் கலைச்செல்வி இந்தப் பக்கம் வர வேண்டியிருந்தது, அல்லது வசந்தா மில்லுக்குப் போக வேண்டியிருந்தது.

எண்கள் இறங்கின. டோஸைக் குறைத்தேன். பிறகு இன்னும் குறைத்தேன். குறுவை நெல் அறுப்பு முடிந்த சமயம் ஊசி இல்லாமலே எண் சரியாக நின்றது. மறுபடி மறுபடி பார்க்கச் சொன்னேன், அப்படியே நின்றது. ஊசியை நிறுத்திவிடலாம் என்று சொன்னபோது இருவருமே நம்பவில்லை. திரும்ப வரலாம், அதனால் சாப்பாட்டை மாற்றாதீர்கள், காதில் குத்திப் பார்ப்பதை விடாதீர்கள் என்றேன். குதிகாலைத் தூக்கி நடக்கிறது, மூட்டை மேல் மூட்டையாகத் தாவுகிறது என்று கலைச்செல்வி வீடியோ அனுப்பினார். ஓரத்தில் வசந்தாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

புதிதாகப் பிராக்டீஸ் தொடங்கும் பிள்ளைகள் சர்க்கரைப் பூனைக்கு என்ன டோஸ் என்று என்னைக் கேட்கிறார்கள். டோஸ் புத்தகத்தில் இருக்கிறது. நான் கற்றுக்கொண்டது வேறு. வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டிய நோய் என்றால், அதற்கு யார் யார் சோறு வைக்கிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். கேட்டு, அத்தனை பேரையும் ஒரே நாளில் ஒரே அறைக்கு வரச் சொல்லுங்கள். அவர்களுக்குள் பேச்சு இல்லையென்றால் அதையும் நோயோடு சேர்த்தே பார்க்க வேண்டும். மருந்து எழுதுவது நம் வேலை, ஆனால் அது வேலை செய்வது அந்த வீட்டில்தான்.

சென்ற மாதம் வசந்தா தடுப்பூசிக்காகப் பூனையைக் கொண்டுவந்தார். கூடையின் மறுபக்கத்தைக் கலைச்செல்வி பிடித்திருந்தார். அவர் மருந்துக்கடைக்குப் போன நேரத்தில், எல்லாம் பேசித் தீர்த்துக்கொண்டீர்களா என்று வசந்தாவிடம் கேட்டேன்.

"பாகத்தைப் பத்தி இன்னும் பேசல டாக்டரம்மா" என்றார். "பூனையப் பத்தித்தான் பேசறோம். அதுக்கே பொழுது பத்தல."