விடுகதை போட்ட கம்ப்யூட்டர்

போன வாரம் கனகம்மாசத்திரம் தாண்டிப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைப் பெண்குழந்தை கைபேசியில் ஏதோ விளையாட, அது தமிழிலேயே "தவறான விடை" என்றது. கொஞ்சமும் ஈரமில்லாத குரல். திருத்தணி நூலகத்தின் பழைய தாள் வாடையும் பாச்சை உருண்டை வாடையும் அந்தப் பேருந்துக்குள்ளேயே வந்துவிட்டன.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். நான் அங்கே உதவியாளன். சனிக்கிழமை பிற்பகலில் 'அமைதி காக்கவும்' பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுக் கேரம் பலகையை இறக்குவோம். பென்ஷன்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஜோடி சேர்ந்து ஆடுவார்கள். அழுகுணி ஆட்டம் ஆடுவது பெரும்பாலும் பென்ஷன்காரர்கள்தான். யாரோ புண்ணியவான் கொடுத்த கம்ப்யூட்டர் ஒன்றும் வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்த திமிரில் நான் அதில் ஒரு விடுகதை விளையாட்டைச் செய்துவைத்தேன். ஒரு குரல் விடுகதை போடும். மூன்று படங்களில் சரியானதை அழுத்தினால் அடுத்த விடுகதை வரும்.

குரல் சுந்தரி அக்காவுடையது. கே.ஜி.கண்டிகையில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். வாரப் பத்திரிகைகள் படிக்க வருவார். அவர் கணவர் மொபெட்டை நிறுத்திவிட்டு வெளியிலேயே நிற்பார். கூப்பிட்டால், "எனுக்கு இன்னா வேல நைனா அங்க" என்பார். மைக்கில் 'தவறு' என்று சொல்ல அக்கா மறுத்துவிட்டார். "பசங்க மூஞ்சி சுண்டிப் போவும்ப்பா. நான் வேற மாதிரி சொல்றேன்" என்றவர், சிரித்துக்கொண்டே, "அய்ய, அது இல்ல. பொறுமையா யோசி, நான் இங்கதான் இருக்கேன்" என்று பேசிவைத்தார்.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அக்கா போய்விட்டார். மஞ்சள் காமாலை என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு சனிக்கிழமை அக்காவின் கணவர், அந்த மொபெட் அண்ணன், முதல்முறையாக உள்ளே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். எங்கள் நூலகத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தேன். "பகல்ல சுருண்டுக்கும், ராத்திரி விரிஞ்சுக்கும், அது இன்னா?" என்றார் அக்கா. பாய், பூனை, விளக்கு என்று படங்கள். அவர் பூனையை அழுத்தினார். அக்கா சிரித்து, பொறுமையாக யோசிக்கச் சொன்னார். மறுபடி பூனை. பக்கத்தில் நின்ற சிறுமி பொறுக்கமாட்டாமல், "பெரிப்பா, பாய்தானே அது" என்றாள்.

"ஆங், தெரியும் கண்ணு" என்றவர் மறுபடியும் பூனையையே அழுத்தினார்.

வாராவாரம் வந்தார். சரியான படத்தை அவர் அழுத்தவே இல்லை. கேரம் ஆடுகிறவர்கள்கூட அந்த நேரத்தில் காயை மெல்ல அடித்தார்கள்.

பிறகு புது கம்ப்யூட்டர்கள் வந்தன. நான் ஊரில் இல்லாத நாளில் பழையதை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். விசாரித்ததில், கழிவுச் சாமான்களோடு போய்விட்டது என்றார்கள். முன்பே ஃப்ளாப்பியில் பிரதி எடுக்கப் பார்த்திருந்தேன். அக்காவின் ஒரு சிரிப்புக்கே அதில் இடம் போதவில்லை.

சனிக்கிழமை அவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். புதுத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எட்த்துகினு போறாங்கன்னு ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா, அன்னிக்கு முச்சூடும் கேட்டுகினு குந்தியிருப்பனே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை.

இப்போது அந்த அண்ணனும் இல்லை. சனிக்கிழமை ஆட்டம் நின்றுபோய் வெகுகாலமாகிறது. அக்கா பேசிவைத்ததை அவருக்கு அடுத்து அதிகம் கேட்டவன் நான்தான். சொற்கள் ஒன்றுவிடாமல் நினைவில் இருக்கின்றன. எவ்வளவு முயன்றாலும் குரல் மட்டும் வருவதில்லை.