கடிக்காத உண்ணி

நாய்க்காரர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். சொந்தமாக ஒரு நாய்கூடக் கிடையாது. வெளியூர் போகிறவர்கள் நாயை விட்டுச்செல்லும் காப்பகத்தில் குளிப்பாட்டுவது, முடி வெட்டுவது, உண்ணி எடுப்பது அவர் வேலை. சும்மா சொல்லக்கூடாது, கடிக்க வரும் நாயும் அவர் மடியில் தலை வைத்துப் படுத்துவிடும். வழியில் எந்த நாயைக் கண்டாலும் நின்று காதை மடித்துப் பார்த்துவிட்டுத்தான் வீடு வந்து சேர்வார். "பொண்டாட்டிக்கும் ரெண்டு காது இருக்குங்க, ஞாபகமிருக்கா?" என்று அவர் மனைவி கேட்பாள்.

அவள் வீட்டிலேயே பள்ளிச் சீருடைகள் தைப்பவள். ஒரு நூல் பிரிந்திருந்தாலும் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணை வைத்துத்தான் தினமும் மாலையில் அவரைச் சோதிப்பாள். வாசலிலேயே சட்டையைக் கழற்றிவிட வேண்டும். அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்புறம், தலைமுடி எதையும் விடமாட்டாள்.

"இன்ஸ்பெக்டரம்மா, பசி உயிர் போகுது, இன்னைக்கு ஒரு நாள் விட்டுடேன்" என்று கெஞ்சுவார்.

"வாயை மூடிக்கிட்டுத் திரும்பி நில்லுங்க."

இத்தனை வருஷத்தில் ஒரு உண்ணிகூட அவரைக் கடித்ததில்லை. அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. கடைசியில் அந்தப் பெருமையே குழி பறித்தது.

முதலில் வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, அடித்துப் போட்டதுபோல் உடம்புவலி. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை. ஆனால் ரத்தத்தில் வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தன. டாக்டரம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"நாய்களோட வேலைன்னு சொல்றீங்க. உண்ணி ஏதாவது கடிச்சுதா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "கடிச்சிருந்தா என் கண்ணுல படாம போயிடுமா டாக்டர்? தினம் நான்தானே பாக்கறேன். இல்லவே இல்ல!"

அவரும் தலையை ஆட்டினார். பொய் சொல்லவில்லை, பாவம். டாக்டரும் உடம்பெங்கும் தேடிப் பார்த்தார். கடித்த தடமோ கருத்த பொருக்கோ எங்குமில்லை. பேச்சு அத்தோடு நின்றுபோயிற்று.

அதன் பிறகு அவருக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. மனைவியைப் பார்த்து, "கயிற்றைப் பிடிங்கம்மா, நாய் ஓடிடும்" என்றார், யாரோ வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல. அவர் ஈறிலிருந்து கசிந்த ரத்தத்தை அவள் அழுதுகொண்டே பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்தபோது நாய்க்காரரின் கைகள் போர்வையில் எதையோ தேடிக்கொண்டிருந்தன. இல்லாத ஒன்றைக் கிள்ளி எடுத்து, இடது கட்டைவிரல் நகத்தில் வைத்து, வலது நகத்தால் அழுத்தினார். மறுபடி கிள்ளினார், மறுபடி அழுத்தினார்.

"என்னம்மா செய்யறாரு?"

"உண்ணி நசுக்கறாரு டாக்டர். தண்ணில போட்டா சாகாதுன்னு நகத்துலயே வச்சு நசுக்கிடுவாரு."

"வெறுங்கையிலயா?"

"கையுறை போட்டா பிடி கிடைக்காதாம்."

டாக்டர் அந்தக் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தார். நகத்தோரம் வெடித்துச் சதை தெரிந்தது.

"ஐயையோ! கடிக்கணும்னே இல்லம்மா. நசுக்கும்போது உண்ணியோட ரத்தம் வெடிப்புல பட்டாலே போதும். உண்ணியால வர்ற புதுக் காய்ச்சல் ஒண்ணு இப்பத்தான் பரவிட்டிருக்கு. எல்லாம் ஒத்துப்போகுது."

பெரிய ஆய்வுக்கூடத்துக்கு ரத்தம் போனது. அதேதான் என்று முடிவு வந்தது. இதற்கென்று கைகண்ட மருந்து இல்லை, அவர் உடம்புதான் தாங்க வேண்டும் என்றார் டாக்டர்.

"நாந்தானே இல்ல இல்லன்னு சாதிச்சேன்! பாவி நான்!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கடிச்சுதான்னு மட்டும் கேட்டுட்டு விட்டது என் தப்பும்தாம்மா." டாக்டர் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார். "இப்ப இதைச் சொல்லுங்க. நோயாளியோட ரத்தம் பட்டாலும் இது ஒட்டும். அவர் வாயை யார் துடைச்சது? உங்க கையில காயம் எதாவது இருக்கா?"

இல்லை என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திப் புள்ளி விழுந்த விரல்களை விரித்து டாக்டர் முன்னால் நீட்டினாள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க டாக்டர். என் கண்ணை நான் இனிமே நம்பமாட்டேன்."