காசிமேட்டு ஐஸில் சிக்கிய ரத்தம்

வடசென்னையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது. நோயாளியின் வீட்டுக்கே போய் ரத்த மாதிரி வாங்கி வர வேண்டிய என்னைப் போன்ற ஆய்வக ஆட்களுக்காக எழுதுகிறேன். போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை திருவொற்றியூர் போனேன். மதியத்துக்குள் முடிகிற வேலை என்று நினைத்துக்கொண்டு போனதுதான் தப்பு.

போனது கன்னியம்மாவைப் பார்க்க. வயது நாற்பத்திரண்டு, காசிமேட்டில் மீன் விற்றவர். கையும் நாக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் நரம்பு நோய் அவருக்கு. அவருடைய அம்மாவும் இதே நோயில்தான் போனார். நம் செல்லுக்குள் சில புரதங்கள், ரசத்தின் மேல் எண்ணெய் சேர்வது மாதிரி, சொட்டுச் சொட்டாக ஒன்றுகூடும். வேலை முடிந்ததும் கலைந்துவிடும். இந்த நோயில் அவை கலைவதில்லை. நாளாக ஆக இறுகிக் கட்டியாகின்றன, தசையை இயக்கும் நரம்பணுக்கள் சாகின்றன. கன்னியம்மாவின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, ஆய்வகத்தில் நரம்பணுக்களாக மாற்றி வளர்த்தால், அந்தச் சொட்டுகள் எப்போது இறுகத் தொடங்குகின்றன என்று நேரிலேயே பார்க்கலாம்.

இதனால் அவருக்குக் குணமாகாது. அதை மறைக்காமல் சொல்லியிருந்தோம். சம்மதத்தை அவர் தன் வாயால் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. பேச்சோ வாரத்துக்கு வாரம் குழறிக்கொண்டே போனது. அதனால்தான் அவசரம்.

மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கி, கடல் பக்கமாகப் பத்து நிமிடம் நடந்தால் அவர் வீடு. தண்டையார்பேட்டையிலிருந்து நர்ஸ் பாத்திமா எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். கன்னியம்மா குழறலோடு "எடுத்துக்க" என்றார். ஊசிக்கு ரத்தக்குழாய் அகப்படவே இல்லை. மூன்றாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. முடிந்ததும் ஒன்றுதான் சொன்னார்: "போதும்மா. இனிமே ஊசி வாணாம்."

திரும்பி வர அவர் தம்பி தேசப்பனின் ஆட்டோ. குழாய்கள் இருந்த பெட்டியை அவர் கையில் கொடுத்து, சீக்கிரம் கெட்டுப்போகிற பொருள், பத்திரம் என்று சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஒவ்வொரு சக்கரமும் எங்கள் ஆட்டோ உயரத்துக்கு இருந்தது. இரண்டு லாரிகளுக்கு நடுவே தேசப்பன் வண்டியை நுழைத்து நுழைத்து ஓட்டினார். அணுக்களைப் பிரிப்பவர்கள் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள், அதற்குள் ஆய்வகம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். காசிமேட்டில் "ரெண்டு நிமிசம் மேடம்" என்று தேசப்பன் பெட்டியோடு இறங்கிப் போனார். நான் போனில் ஆய்வகத்தோடு பேசிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

அரை மணி நேரம் ஊர்ந்து ராயபுரம் பாலம் ஏறும்போது, அவர் பக்கத்தில் இருந்த பெட்டியை மடிக்கு இழுத்தேன். கனத்தது. திறந்தால் உள்ளே விளிம்பு வரை நொறுக்கிய ஐஸ், மேலே கல்லுப்பு. குழாய்களைத் தோண்டி எடுத்தேன். உப்பு சேர்ந்தால் ஐஸ் இன்னும் குளிரும்; ரத்தம் பனிக்கட்டியாக உறைந்திருந்தது. இந்த ரத்தத்தை அறையின் சூட்டிலேயே கொண்டுபோக வேண்டும். உறைந்தால் அணுக்கள் வெடித்துவிடும், எதற்கும் ஆகாது.

நான் கத்திவிட்டேன். தேசப்பன் வண்டியை ஓரம் கட்டினார்.

"கெட்டுப்பூடும்னு நீதான மேடம் சொன்ன. தூரமா போற சரக்குக்கு நாங்க உப்பு போட்டுதான் ஐஸ் கட்டுவோம். நல்லதுன்னு நெனச்சிக்கினு செஞ்சேன்."

அவரை என்னவென்று திட்டுவது? ஐஸிலேயே பிழைப்பு நடத்துகிற குடும்பம். கெடக் கூடாது என்று அவர்களிடம் சொன்னால் வேறு என்ன செய்வார்கள்?

பாத்திமாவைப் போனில் பிடித்து, கன்னியம்மா வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். வண்டியைத் திருப்பினோம். ஆறு கிலோமீட்டர் கடக்க முக்கால் மணி நேரம் ஆனது. வழியில் தேசப்பன் ஒன்று கேட்டார்: நடந்ததை அக்காவிடம் சொல்ல வேண்டாம், டாக்டர் இன்னும் கொஞ்சம் கேட்டார் என்று சொல்லிவிடலாமே. எனக்கும் ஆசைதான். ஆனால் பொய் சொல்லி வாங்கினால் அது சம்மதமே இல்லை. உண்மையைச் சொல்லிக் கேட்பேன், மாட்டேன் என்றால் வெறும் பெட்டியோடு போவேன் என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் வாய் திறக்கும் முன் தேசப்பனே சொல்லிவிட்டார். "நான்தான்க்கா ஐஸ் போட்டு கெடுத்துட்டேன்." கன்னியம்மா அவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது, வற்புறுத்த மாட்டேன் என்று சொன்னேன். பிறகு பாத்திமாவிடம் எச்சிலைத் துடைக்கச் சொல்லி, ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார்.

"எங்க வூட்லேர்ந்து கெட்ட சரக்கு போனதில்ல. வேற எடு."

இந்த முறை இரண்டாவது குத்தில் கிடைத்தது. பெட்டியை நானே மடியில் வைத்துக்கொண்டேன். ஆய்வகக் கதவைத் தட்டும்போது ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

இந்தப் பக்கம் மாதிரி வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் துறைமுக லாரிகளை நம்ப முடியாது. அவசரமென்றால் திரும்புவதற்கும் மெட்ரோவே மேல். பெட்டியை யாரிடமும் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பத்திரம் என்பதோடு நிறுத்தாமல், ஐஸ் படக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் விட்டது நான். அதற்குக் கன்னியம்மா கையில் இரண்டு குத்து கூடுதலாக விழுந்தது. அது இன்னும் உறுத்துகிறது.

அந்த அணுக்கள் இப்போது எங்களிடம் வளர்கின்றன. கன்னியம்மாவுக்குப் பேச்சு அடியோடு நின்றுவிட்டது. போன வாரம் அழைத்தபோது தேசப்பன் போனை அக்கா காதில் வைத்தார். உங்கள் அணுக்கள் உயிரோடு இருக்கின்றன, நரம்பாகக் கிளைவிடத் தொடங்கிவிட்டன என்று சொன்னேன். மூச்சு மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து தேசப்பன் பேசினார்.

"அக்கா கண்ணாலயே கேக்குது மேடம், இன்னும் ரத்தம் வேணுமான்னு."