வேகமானிக் குழாயில் குளவிக்கூடு

நானும் கணவரும் வீட்டிலேயே கட்டிய குட்டி விமானம், ஒரத்தநாட்டுப் பக்கம் ஓடுதளத்தை விட்டு எழும்பிய பிறகுதான் கவனித்தோம்: வேகமானி முள் அசையவில்லை. மெதுவாகத் தரையிறங்க இறக்கையின் பின்விளிம்பு மடலான ஃபிளாப்பை இறக்க வேண்டும். வேகம் அதிகமிருந்தால் அது பிய்ந்துவிடும்.

"ஃபிளாப்பைத் தொடாதீங்க" என்றேன்.

தொடாமலே ஓடுதளத்தில் இறக்கி, அதன் கோடியில் வயல் வரப்பருகே நிறுத்தினார். வேகமானிக்குக் காற்று புகும் குழாயைக் குடைந்தார். குளவிக்கூட்டு மண் உதிர்ந்தது.

"குளவி கூடு கட்டுனா வீட்ல குழந்தை வரும்பாங்க. என்னம்மா, விசேஷமா?" என்றார் நாங்கள் பறப்பதைப் பார்க்க வந்திருந்த மாமியார்.

மாலையில் சொல்ல வைத்திருந்த செய்தி. தலையாட்டினேன். கணவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது குழாய்க்கு உறை போடுகிறோம். ஓடுதளத்தில் ஓடும்போதே முள் எழாவிட்டால் பறப்பதில்லை. வீட்டு ஜன்னலில் குளவி கட்டிய கூட்டை மட்டும், மகள் பிறக்கும்வரை மாமியார் யாரையும் தொடவிடவில்லை.